சைலன்சரை எதுவரை மாற்றலாம்? வன்னி வீதிகளுக்கான ஒப்பீடு

காரின் சத்தத்தை மாற்ற நினைக்கிறவர்கள் ஐந்து வழிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்: பின் சைலன்சரை வெட்டி நேர்க்குழாய் போடுவது, பின் சைலன்சரை மட்டும் மாற்றுவது, கட்டலிக்குக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) பின்னால் முழுக்குழாயையும் மாற்றுவது, திறந்து மூடும் வால்வு வைப்பது, எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுதியான மனிபோல்ட்டிலிருந்தே தொடங்குவது. பலர் யூடியூப்பில் கேட்ட சத்தத்தை நம்பி முடிவெடுக்கிறார்கள். அந்தக் காணொளிகள் பெரும்பாலும் கார் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து எடுக்கப்பட்டவை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியில் சுமார் 75 கிலோமீற்றரை ஒரே கியரில், ஒரே வேகத்தில் ஓடும்போது காருக்குள் எப்படி இருக்கும் என்பது அவற்றில் கேட்காது. எங்கள் பக்கத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அந்த ஓட்டம்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரே வேகத்தில் வரும் முழக்கம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எரியும். 70 கிலோமீற்றர் வேகத்தில் உங்கள் கார் 2,500 ஆர்.பி.எம். காட்டினால் நிமிடத்துக்கு 5,000 வெடிப்பு, செக்கனுக்கு 83. இந்த 80 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலிக்குத்தான் காரின் கூடும் தரைத்தகடும் சேர்ந்து அதிரும். காதில் சத்தமாகக் கேட்பதை விட நெஞ்சிலும் தலையிலும் அழுத்தமாக உணர்கிற ஒலி அது. வெளியே நிற்பவருக்கு அழகாகக் கேட்கும் அதே குழாய் உள்ளே இருப்பவருக்கு அரை மணித்தியாலத்தில் தலையிடி கொடுக்கும். பின்கதவு உயரத் திறக்கிற ஹட்ச்பேக் கார்களில் இது இன்னும் கூட. நகரத்தில் கியர் மாற்றி மாற்றி ஓடுகிறவருக்கு முழக்கம் வந்து வந்து போகும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு நேர் வீதியில் ஓடுகிறவரை அது விட்டுப் போகாது.

ஊருக்குள் எப்படிக் கேட்கும். இரவு பத்து மணிக்கு ஒழுங்கைக்குள் வருகிற காரின் சத்தம் வயலைத் தாண்டிக் கேட்கும். இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டதும் குழாயால் 'டப் டப்' என்று வெடிக்க வைப்பது இப்போது பலருக்கு விருப்பம். இந்த வீதிகளின் இருபுறமும் 2009 வரை நடந்த போரைக் கடந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். அந்த வெடிச்சத்தம் அவர்களுக்கு என்னவாகக் கேட்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் வெடிக்க வைக்கும் ட்யூனிங் வேண்டாம். எரியாத பெற்றோல் குழாய்க்குள் போய் எரிவதால் கட்டலிக்கும் டர்போவும் பழுதாகும் என்பது வேறு.

தரையும் தூசியும் உப்பும். பிரதான வீதியை விட்டு இறங்கினால் கிரவல், மதகு, குழி. குழாயின் மிகத் தாழ்ந்த இடம் எது என்பது பெரிய கேள்வி.

புகைப் பரிசோதனை. பெற்றோல் கார்களுக்கு எஞ்சின் சும்மா ஓடும்போதும் 2,500 ஆர்.பி.எம்.மிலும் காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது.

திருப்பிப் பூட்ட முடியுமா. பொலிஸ் மறித்தாலோ, கார் விற்கும் நாள் வந்தாலோ, சத்தம் அலுத்தாலோ பழைய நிலைக்குப் போக வேண்டி வரும். வெட்டுகிற வேலைக்கும் போல்ட்டில் கழற்றுகிற வேலைக்கும் இதில்தான் வித்தியாசம்.

## முதலில் பழைய குழாயைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். அதனால் எங்கள் பக்கம் ஓடுகிற லான்சர், சிவிக், இம்ப்ரெசாக்களில் பல இருபது வயதைத் தாண்டியவை. அவற்றின் கெட்ட சத்தத்துக்கு அனேகமாகக் காரணம் ஓட்டை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற காரில் சைலன்சர் சூடேற முன்பே எஞ்சினை நிறுத்திவிடுவோம். தண்ணீர் உள்ளே தங்கி உள்ளிருந்தே தின்னும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் வெளியிலிருந்து உப்புக்காற்றும் தின்னும்.

சோதிப்பது சுகம். திறந்த வெளியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காரை ஸ்டாண்டில் ஏற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். ஒருவர் தடித்த ஈரத் துணியால் வால் குழாயைச் சில செக்கன்கள் அடைக்க, மற்றவர் பொருத்துகளில் சோப்புத் தண்ணீரை அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கட்டும். மனிபோல்ட் கஸ்கெட், அசைவைத் தாங்கி நெளியும் பிளெக்ஸ் குழாய், கட்டலிக்கின் முன் பிளான்ஜ் (குழாய்களைப் போல்ட்டில் இணைக்கும் தட்டு), சைலன்சரின் தையல் ஓரம் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. முன்பக்க ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றை உறிஞ்சும். பெற்றோல் குறைவு என்று சென்சர் நினைக்க, எஞ்சின் கணினி கூடுதலாக ஊற்றும். சத்தத்தோடு செலவும் ஏறும்.

ஓட்டையை அடைத்து, தொங்கு றப்பர்களையும் மாற்றிய பிறகு சத்தம் பிடித்துப்போனால் மிச்சக் காசு உங்களுடையது.

## வழி 1: வெட்டி நேர்க்குழாய்

ஆகக் குறைந்த செலவு. பட்டறையில் ஒரு மணித்தியால வேலை. வெட்டிய அன்று கேட்கும் சத்தம் பெரிது. ஆனால் நான்கு சிலிண்டர் எஞ்சினில் 4,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் அது கரகரவென்ற தகரச் சத்தமாகிவிடும். முழக்கம் ஐந்து வழிகளிலும் இதிலேயே ஆகக் கூட. ஆக்சிலேட்டரை விடும்போது தானாகவே வெடிக்கும். ரோந்துப் பொலிஸார் தூரத்திலேயே கேட்டு மறிப்பார்கள்.

மறைந்த செலவு, நல்ல சைலன்சரை வெட்டிப் போட்டுவிட்டோம் என்பது. கட்டலிக்கையும் சேர்த்து வெட்டச் சொன்னால் இழப்பு இரட்டிப்பு. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது, பழைய கட்டலிக்குக்கு வெளியே நல்ல விலை உண்டு. எந்த வேலை செய்தாலும் கழற்றிய பொருளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

டர்போ கார் என்றால் இந்த வழி கொஞ்சம் பொறுக்கும், டர்பைன் சக்கரமே ஒலியின் ஒரு பங்கை அடக்கிவிடும். இருந்தாலும் கட்டுக்குருந்த போன்ற பந்தயத் தடத்துக்கு ட்ரெய்லரில் ஏற்றிப் போகிற காருக்குத்தான் நேர்க்குழாய் பொருந்தும். வீதியில் ஓடுகிற காருக்கு இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

## வழி 2: பின் சைலன்சரை மட்டும் மாற்றுவது

டர்போ இல்லாத 1.5, 1.6 லீற்றர் கார்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான். நடுவில் இருக்கும் சின்ன ஒலியடக்கிப் பெட்டியான ரெசனேட்டரையும் கட்டலிக்கையும் தொடாமல் கடைசிப் பெட்டியை மட்டும் மாற்றுவது. ரெசனேட்டர் நிற்பதால் கரகரப்பு வராது, கட்டலிக் நிற்பதால் புகைப் பரிசோதனையில் பிரச்சினை வராது.

கம்பனிப் பெட்டிக்குள் அறை அறையாகத் தடுத்து, ஒலியைத் திருப்பித் திருப்பி அடக்கியிருப்பார்கள். மாற்றிப் பூட்டுவது பெரும்பாலும் நேர்த்துளை வகை: துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார் அல்லது பசால்ட் நார், வெளியே உறை. நார் உயர்ந்த ஒலிகளை நன்றாகக் குடிக்கும், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குடிக்காது. ஆகவே பெட்டியின் நீளமும் பருமனும் முக்கியம். 350 மில்லிமீற்றருக்குக் குறைந்த உடல் கொண்ட சிறிய உருளைகளை விட்டுவிடுங்கள். 400 முதல் 450 மில்லிமீற்றர் இருந்தால் ஆழமான, அடங்கிய சத்தம் வரும். வாய் 100 மில்லிமீற்றர் அகலமாகத் தெரிவதற்காக உள்ளே 76 மில்லிமீற்றர் குழாய் உள்ளதை வாங்கினால், 48 மில்லிமீற்றர் குழாயோடு ஓடுகிற சிவிக்கில் வெறும் பீப்பாச் சத்தம்தான் கிடைக்கும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பெட்டிகள் கிடைக்கும். எச்கேஎஸ், புஜிட்சுபோ, தனாபே, பிளிட்ஸ் என்று பெயர் இருந்தால் போதாது. வாங்க முன் செய்ய வேண்டியவை:

- கையில் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் துளைக்குழாய் உடைந்திருக்கிறது.
- போன் வெளிச்சத்தை ஒரு வாயால் அடித்து மறுவாயால் பாருங்கள். துளைகளின் பின்னே நார் தெரியாமல் வெறும் தகரம் தெரிந்தால் நார் எரிந்து போய்விட்டது. அந்தப் பெட்டி முதல் நாளிலிருந்தே கத்தும்.
- ஜாஸ்மா தகடு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஜப்பான் வீதிச் சட்டத்துக்குள் அடங்கும் சைலன்சர்களுக்கு அங்குள்ள தயாரிப்பாளர் சங்கம் கொடுக்கும் அடையாளம் அது.
- வாயில் பூட்டும் இன்னர் சைலன்சரும் அதன் போல்ட்டும் கூட வருகிறதா கேளுங்கள். ஊருக்குள் ஓடும்போது பூட்டினால் சத்தம் நன்றாகக் குறையும். காற்றோட்டத்தையும் நெரிக்கும் என்பதால் நெடுந்தூர வேக ஓட்டத்தில் கழற்றிவிடுங்கள்.
- தொங்கு கம்பிகளும் பிளான்ஜும் உங்கள் காரின் இடத்தோடு ஒத்துப்போகிறதா அளந்து பாருங்கள். ஒத்துவராவிட்டால் வெட்டி ஒட்ட வேண்டும், பாவித்த பொருள் வாங்கிய லாபம் அங்கே போய்விடும்.

பூட்டிய பிறகும் முழக்கம் இருந்தால் பக்கக்குழாய் வைத்துத் தீர்க்கலாம். பிரதான குழாயிலிருந்து கிளையாகப் பிரிந்து, மறுமுனை மூடிய குழாய் அது. அதன் நீளம் அலைநீளத்தின் காற்பங்காக இருந்தால் போய்த் திரும்பி வரும் அலை அந்த ஒரு சுருதியை மட்டும் அழிக்கும். சூடான புகையில் ஒலி செக்கனுக்கு 400 முதல் 480 மீற்றர் வரை ஓடும். 100 ஹேர்ட்ஸை அடக்க 1 முதல் 1.2 மீற்றர் தேவை, 83 ஹேர்ட்ஸுக்கு 1.2 முதல் 1.45 மீற்றர். முதலில் நீளமாக வைத்து, மூடியைத் தற்காலிகமாகப் பிடித்து ஓடிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். பொறுமையான வெல்டர் இல்லாவிட்டால் இது வேலைக்கு ஆகாது.

## வழி 3: கட்டலிக்குக்குப் பின்னால் முழுக்குழாய்

இரண்டு லீற்றர் டர்போ இம்ப்ரெசா, லான்சர் எவலூஷன் வைத்திருப்பவர்களுக்கு இதில் பலம் உண்டு. டர்போவுக்குப் பின்னால் தடை குறையக் குறைய எஞ்சின் இலகுவாக மூச்சு விடும். டர்போ இல்லாத சின்ன எஞ்சினுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தமும் கொஞ்சம் பாரக் குறைவும்தான்.

குழாய் விட்டம்: டர்போ இல்லாத 1.5, 1.6 லீற்றருக்கு 45 முதல் 51 மில்லிமீற்றர், இரண்டு லீற்றருக்கு 57, டர்போ இரண்டு லீற்றருக்கு 76. பெரிதாகப் போட்டால் புகையின் வேகம் குறைந்து, தாழ்ந்த ஆர்.பி.எம்.மில் இழுவை சோரும். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வயல் கரையால் ஏறும்போது அது தெரியும்.

தயாராக வரும் செட் வாங்கலாம், இல்லையேல் பட்டறையில் செய்யலாம். எங்கள் பக்கம் பெரும்பாலும் பட்டறைதான். விலை பேச முன் மூன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது உலோகம். 304 ஸ்டெயின்லெஸ் உப்புக்காற்றைத் தாங்கும், காந்தம் ஏறக்குறைய ஒட்டாது. 409இல் காந்தம் ஒட்டும், மேலே துருப்பிடிக்கும், ஆனால் விலை குறைவு. வவுனியா, மாங்குளம் போன்ற கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு 409 போதும். கடற்கரையிலிருப்பவர் 304ஐ விட்டுக் கொடுக்க வேண்டாம். சுவர் 1.5 மில்லிமீற்றர் கேளுங்கள். 1.2 மில்லிமீற்றர் குழாய் பாரம் குறைவு, ஆனால் தகரம்போல் சிணுங்கும்.

இரண்டாவது வளைவு. வெறும் அழுத்தத்தில் வளைத்தால் உட்பக்கம் சுருங்கி நெரியும். உள்ளே அச்சு வைத்து வளைத்த ஆயத்த வளைவுகளை வாங்கி ஒட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது வெல்டிங். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு டிக் வெல்டிங்தான், குழாயின் உள்ளேயும் ஆர்கன் வாயு விட்டுச் செய்ய வேண்டும். விடாவிட்டால் ஒட்டின் உட்புறம் கருகி, சீனி கொட்டியதுபோல் பொருக்குத் தட்டும். அங்கிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். 304ஐ 304ஓடு ஒட்ட 308எல் கம்பி, சாதாரண இரும்போடு ஒட்ட 309எல்.

304 சூட்டில் நீளும். 2 மீற்றர் குழாய் 300 பாகை ஏறினால் 10 மில்லிமீற்றர் நீளும். பிளெக்ஸ் குழாயும் றப்பர் தொங்கல்களும் இல்லாமல் இறுக்கிக் கட்டினால் மனிபோல்ட் பக்கம்தான் வெடிக்கும். மிச்சம் பிடிக்க பிளெக்ஸை விட்டுவிடுகிற பட்டறைகள் உண்டு, விலைப்பட்டியலில் அது இருக்கிறதா பாருங்கள்.

## வழி 4: திறந்து மூடும் வால்வு

மூடினால் பழைய சைலன்சர், திறந்தால் நேர்க்குழாய். ஏ9இல் மூடிக்கொண்டு ஓடலாம், ஊரையும் குழப்பாது. யோசனையாக இது மிக நல்லது. சிக்கல் பொருளில்தான். மலிவான மின் வால்வின் பட்டாம்பூச்சித் தகடும் மோட்டாரும் கீழே வெளியில் இருப்பதால் கிரவல் தூசி, மாரிவெள்ளம், சூடு மூன்றும் சேர்ந்து இறுக்கிவிடும். திறந்தபடி இறுகினால் நீங்கள் வெட்டிய காரோடு வீடு வர வேண்டும். மூடியபடியும் அவற்றில் கசிவு இருக்கும்.

வால்வின் வெளிவாய் காரின் அடியில் திறக்காமல் பின் பம்பர் வரை போக வேண்டும். ஏசி போட்டுக்கொண்டு நிறுத்திய காரின் அடியில் கசியும் காபன் மொனொக்சைட் மணமில்லாமல் உள்ளே வரும், ஆளைக் கொல்லும். பூட்டினால் மாதம் ஒருமுறை சுத்தம் செய்து திறந்து மூடிப் பார்க்கிற ஆளாக இருங்கள். அப்படி முடியாதவருக்கு இன்னர் சைலன்சரே போதும்.

## வழி 5: ஹெடர்ஸ், டவுன்பைப்

ஹெடர்ஸ் என்பது கம்பனி மனிபோல்ட்டுக்குப் பதிலாகப் பூட்டும் குழாய்த் தொகுதி, டவுன்பைப் டர்போவிலிருந்து இறங்கும் குழாய். சத்தத்துக்காக மட்டும் இதைத் தொடாதீர்கள். இம்ப்ரெசா வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: அந்த எஞ்சினின் 'கொட கொட' ஒலி மனிபோல்ட் குழாய்கள் நீளத்தில் சமமில்லாததால் வருவது. சமநீள ஹெடர்ஸ் பூட்டினால் அந்தச் சத்தமே போய்விடும். ஜப்பான் சந்தைக்கு வந்த பிந்தைய சில மொடல்கள் சமநீளக் குழாயோடுதான் வந்தன, பின்னால் எந்தப் பெட்டி பூட்டினாலும் அவற்றில் பழைய ஒலி வராது.

டர்போ காரில் டவுன்பைப்பை அகலமாக்கினால் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வு சமாளிக்காமல் அந்த அழுத்தம் (பூஸ்ட்) தானாக ஏறலாம். கணினியை ட்யூன் செய்யாமல் ஓடினால் பிஸ்டனில் கை வைக்கும். கட்டலிக்கை எடுத்தால் பின் சென்சர் கண்டுபிடித்துப் பி0420 என்று எஞ்சின் விளக்கை எரிக்கும், புகைப் பரிசோதனையிலும் தேறாது. 20 வருட மனிபோல்ட்டின் ஸ்டட் கழற்றும்போது உடைவது வழமை. முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். உடைந்த ஸ்டட்டைத் துளைத்தெடுக்கும் கூலி பல வேளை குழாயின் விலையைத் தொடும்.

ஹொண்டா வீடெக் வைத்திருப்பவர்கள் விரும்பும் மேல் ஆர்.பி.எம். சத்தத்தில் பெரும் பங்கு காற்று உறிஞ்சும் பக்கத்திலிருந்து வருவது. அதற்காகத் திறந்த கூம்பு பில்டர் பூட்டினால் எங்கள் செம்மண் தூசி சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். பெட்டிக்குள் இருக்கும் பில்டரே இருக்கட்டும்.

| வழி | ஒரே வேக ஓட்டத்தில் | புகைப் பரிசோதனை | திருப்பிப் பூட்டுதல் | செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| நேர்க்குழாய் | தாங்க முடியாது | கட்டலிக் இருந்தால் பரவாயில்லை | வெட்டியாயிற்று | ஆகக் குறைவு | பந்தயத் தடம் |
| பின் சைலன்சர் | அனேகமாகப் பரவாயில்லை | பிரச்சினையில்லை | சுகம் | குறைவு முதல் நடுத்தரம் | பெரும்பாலானோர் |
| முழுக்குழாய் | ரெசனேட்டர் வைத்தால் நல்லது | பிரச்சினையில்லை | பிளான்ஜில் கழற்றலாம் | கூட | டர்போ கார் |
| வால்வு | மூடினால் அமைதி | பிரச்சினையில்லை | வெட்ட வேண்டும் | நடுத்தரம், பராமரிப்பு கூட | பொறுமையானவர் |
| ஹெடர்ஸ், டவுன்பைப் | பின் பெட்டியைப் பொறுத்தது | கட்டலிக் போனால் தேறாது | கடினம் | ஆகக் கூட, ட்யூனிங் வேறு | பலத்துக்காகச் செய்பவர் |

## பட்டறையில் நிற்கும்போது

வெல்டிங் தொடங்க முன் பற்றரியின் மைனஸ் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குக் கிட்டப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் கணினி வழியாக ஓடிப் பார்க்கும். ஒட்சிசன் சென்சரைக் கழற்றி வைப்பது நல்லது. எல்லாத் தொங்கல்களிலும் குழாயைத் தொங்கவிட்டு, பொட்டுப் பொட்டாக மட்டும் ஒட்டிய பின், கீழே இறக்கி முழு ஒட்டும் போட வேண்டும். காரிலேயே முழுதாக ஒட்டினால் மேற்பக்கம் ஒட்டு விழாது, ஓட்டை அங்கேதான் வரும். பெற்றோல் டாங்கிக்கும் பிரேக் குழாய்க்கும் கிட்ட நெருப்பு வேலை வேண்டாம்.

குழாய்க்கும் தரைத்தகட்டுக்கும் நடுவே 25 மில்லிமீற்றராவது இடைவெளி இருக்கட்டும், பழைய வெப்பத் தகடுகளைக் கழற்றி வீச விடாதீர்கள். பிளான்ஜ் போல்ட்டுகள் கீழ்நோக்கித் தொங்கினால் கிரவல் முதுகில் உரசும், பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். வாய் பம்பருக்கு வெளியே 10 முதல் 20 மில்லிமீற்றர் நீட்டி இருக்க வேண்டும். பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் தண்ணீர் வடியும்.

சத்தத்தை அளக்க, வாயிலிருந்து அரை மீற்றர் தள்ளி, 45 பாகைச் சரிவில் போனைப் பிடித்து, மாற்ற முன்பும் பின்பும் ஒரே ஆர்.பி.எம்.மில் எடுங்கள். போன் காட்டும் எண் சரியாக இராது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம்பக்கூடியது. 10 டெசிபெல் ஏறினால் காதுக்கு இரட்டிப்பு.

500 கிலோமீற்றர் ஓடிய பிறகு எல்லாப் பிளான்ஜ் நட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள். சூடேறிக் குளிரும்போது புது கஸ்கெட் படிந்து தளரும். சூடடிப்புக் காலத்தில் வீதியோரம் வைக்கோல் கிடக்கும் இடத்தில் நெடுந்தூரம் ஓடி வந்த காரை நிறுத்தாதீர்கள். தாழ்வாகப் பூட்டிய புதுக் குழாய் வைக்கோலைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். கழற்றிய பழைய பெட்டியை உள்ளே எண்ணெய் தடவி, வாய்களைத் துணியால் அடைத்து, தரையில் படாமல் கராஜ் சுவரில் தொங்கவிடுங்கள்.